பத்தாவது குரல்

அன்று மலைச்சாலையில் நடந்தவர்கள் இவர்கள்.

சிஸ்டர் ரெஜினா. அவர்தான் தலைமை.
அருள்தாஸ். ஆசிரியர் பயிற்சி முடித்தவன். பலகையைச் சுமந்து வந்தவன்.
ஜோமோன். மலையாளத்துப் பையன். வாய் ஓயாது.
ஷைனி. ஜோமோனின் தங்கை.
லூர்து, சேவியர். இரட்டையர். எனக்கு இன்னும் அடையாளம் குழம்பும்.
செல்வம். கோயிலில் பாட்டு எடுப்பவன்.
டெய்சி. நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.
தெரேசா. என் மகளின் சிநேகிதி.
பிலோமினா. என் மகள்.

வரிசையில் நடந்த ஒழுங்கிலேயே எழுதியிருக்கிறேன். பத்துப் பேர். நான் சவரிமுத்து, வண்டி ஓட்டியவன். நடக்கவில்லை. அதனால் நான் கணக்கில் இல்லை.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். காமயகவுண்டன்பட்டித் தோட்டங்களில் இருந்து கேரளத்துக்குத் திராட்சை ஏற்றுவது என் தொழில். எங்கள் கோயில் பங்குக் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னபோதெல்லாம் எழுந்திருக்க மாட்டேன். நின்று பேச வராது. இப்போது எழுதித் தருகிறேன்.

2004-ஆம் வருடம் ஐப்பசி. வயிற்றில் இருக்கும் பிள்ளைகளை அழிக்கக் கூடாது என்று சொல்லி இந்தப் பத்துப் பேரும் நடந்தார்கள். மேற்குக் கடலில் கால் நனைத்துவிட்டு ஆலப்புழையில் புறப்பட்டார்கள். கிழக்குக் கடலில், வேளாங்கண்ணியில் போய்ச் சேர வேண்டும். நாட்டை இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு நடந்தே கடப்பது. படுக்கை, பாத்திரம், அரிசி எல்லாம் என் 407 மினி லாரியில் வந்தன.

உண்மையைச் சொல்கிறேன். இந்த நடைமேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை பிலோ. அவள் போயே தீருவேன் என்றாள். அதனால் நான் வண்டியோடு போனேன். புறப்படும்போது என் மனைவி ஆரோக்கியம் ஒன்றுதான் சொன்னாள்.

"எப்பிடிக் கூட்டிட்டுப் போறீகளோ அப்பிடியே கொண்டாந்து என் கையில குடுக்கணும்."

அந்தச் சொல் வழி முழுக்க என் காதில் இருந்தது.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நடக்கும்போது செபமாலை சொல்வார்கள். மாலையின் பத்து மணிகளுக்குப் பத்துப் பேர். மணிக்கு ஒரு செபம்; முன்பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். முதல் மணியை சிஸ்டர் தொடங்குவார். அடுத்ததை அருள்தாஸ். இப்படி வரிசையில் பின்னால் போகும். பத்தாவது 'அருள் நிறைந்த மரியே' என் மகள் சொல்வது. அவள் சொல்லி முடித்தால் பத்தும் முடிந்தது. ஆளும் குறையவில்லை என்று அர்த்தம். தலையை எண்ண வேண்டாம். காதால் எண்ணிக்கொள்வார்கள். கேரளத்து நெரிசலில், பஸ் நிலையங்களில், இருட்டில் எல்லாம் இந்தக் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

குமுளிக்கு வந்தபோது மதியம். மழை பிடித்துக்கொண்டது. டீக்கடையில் ஒதுங்கினோம். அருள்தாஸ் வைத்திருந்த பலகையை ஒரு ஆள் சத்தமாகப் படித்தான். 'கருவில் இருக்கும் பிள்ளைக்கும் உயிர் உண்டு.'

"ஏப்பா, நீங்க நடந்தா அங்கன வயித்துல இருக்கது பொழைச்சுக்கிருமா?" என்று கேட்டான். கடையே சிரித்தது.

ஜோமோன் சும்மா இருக்கவில்லை. "சேட்டா, நீங்க இருந்த வயித்துக்கு முன்னால யாரோ நடந்திருக்கு. அதான் இங்க இருந்து சாயா குடிக்குது" என்றான்.

கடை மறுபடி சிரித்தது. அந்த ஆளும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது சரிதானே என்று நினைத்தேன்.

காற்றில் குடை நிற்கவில்லை. வண்டியில் காலி யூரியாச் சாக்குகள் இருந்தன. ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்தால் முழங்கால் வரை மூடும். பத்துப் பேருக்கும் பத்து. போட்டுக்கொண்டதும் யார் யாரென்று தெரியவில்லை. பத்தும் ஒன்றுபோல் இருந்தன.

செக்போஸ்ட்டில் எங்களை நிறுத்தினார்கள். "வண்டிய இவுக பின்னாடி உருட்டிட்டுப் போகாதீக. பனிமூட்டம். பின்னால வாற லாரிக்காரன் மோதிருவான். முன்னால போயி அகலமான எடத்துல நிறுத்தி நில்லுங்க" என்றார்கள். யானை இறங்குகிறது, இருட்டுவதற்குள் அடிவாரத்தில் லோயர் கேம்ப் போய்ச் சேருங்கள் என்றும் சொன்னார்கள்.

அப்படியே செய்தேன். முதல் நிறுத்தத்தில் எல்லோரும் வந்தார்கள். வண்டி அடுப்பில் போட்டு வைத்த, பால் இல்லாத கட்டங்காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். பிலோ சாக்குக்குள் இருந்து தலையை நீட்டினாள்.

"அப்பா, நாங்கல்லாம் ஒரமூடை மாதிரி இருக்கோமா?"

"மழையில நனையாத மூடை. பேசாம குடி."

"எங்கள ஏத்திட்டுப் போனா எம்புட்டு வாடகை கேப்பீக?"

"ஒனக்கு ரெட்டை வாடகை" என்றேன். சிரித்தாள். டம்ளரைத் திருப்பித் தந்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனாள்.

நான் வண்டியை எடுத்தேன். வழியில் மூன்று வளைவு தாண்டி ஒரு சின்னக் கோயில். வண்டிக்காரர்கள் தேங்காய் உடைக்க நிறுத்துவார்கள். அங்கே ஒரு ஜீப் நின்றது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் மாதிரி தெரிந்தது. வயதான ஒரு பெண்பிள்ளை பனிக்குள் பார்த்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்கள் சாலைத் தடுப்புச் சுவர் ஓரமாக எட்டிப் பார்த்தார்கள். என்னவோ தவறவிட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக் கடந்துபோனேன்.

அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தினேன். முன்னால் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக இருந்தது. கீழே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். மரக்கிளை ஒடியும் சத்தம் ஒன்றும் கேட்டது. பயமாக இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன்.

செபமாலை இறங்கி வந்தது. முதலில் சிஸ்டரின் குரல். பிறகு ஒவ்வொன்றாக. செல்வத்தின் குரல் கனமானது, அது தெரிந்தது. தெரேசாவின் குரல் தெரிந்தது. பிறகு ஒரு இடைவெளி. நான் மூச்சைப் பிடித்தேன். அப்புறம் பத்தாவது குரல் வந்தது. மெதுவாக, குளிரில் நடுங்கி, பாதி வார்த்தை மழையில் போய்விட்டது. பிள்ளைக்கு வாடை ஏறிவிட்டது என்று நினைத்தேன். பத்தும் ஆயிற்று என்று மனசு அமைந்தது.

ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு டம்ளர் நீட்டினேன். கடைசி டம்ளரை நீட்டினேன். சாக்குக்குள் இருந்து ஒரு கை வந்தது.

அந்தக் கையில் கண்ணாடி வளையல் இருந்தது.

என் மகள் வளையல் போடுவதில்லை.

சாக்கை விலக்கினேன். வேறு முகம். முப்பது வயசு இருக்கும். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"யாரு ஆத்தா நீ?"

பல் அடித்துக்கொண்டது.

"எம் மக எங்க?"

அவள் திரும்பி மேலே பார்த்தாள். நாங்கள் வந்த சாலையைப் பார்த்தாள்.

தெரேசா அலறினாள். "பின்னால காலடிச் சத்தம் கேட்டுக்கிட்டே வந்துச்சு மாமா. நான் பிலோதான்னு நெனச்சேன். மழை மூஞ்சில அடிச்சதுனால திரும்பவே இல்ல."

சிஸ்டர் ரெஜினாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பத்தும் வந்துச்சே. பத்தாவது குரல் வந்துச்சே" என்று அதையே சொன்னார்.

கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆள்தான் மாறிவிட்டது.

அருள்தாஸ் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினான். "சொல்லுங்கக்கா! அவ சாக்கு உங்கமேல எப்பிடி வந்துச்சு?"

டெய்சி அவனைத் தள்ளிவிட்டு அந்தப் பெண்ணின் கையில் டம்ளரைப் பிடிக்க வைத்தாள். இரண்டு வாய் குடித்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"நான் செவுத்துக்கு அங்கிட்டுக் கீழ ஒளிஞ்சு கெடந்தேன். அந்தப் பிள்ளை செருப்பு வாரு அந்துபோச்சுன்னு செவுத்துல உக்காந்துச்சு. என்னயப் பாத்துருச்சு. கையக் குடுத்து மேல ஏத்தி விட்டுச்சு. நான் நனஞ்சு வெறைக்கிறேன்னு சாக்கக் கழட்டி என் தலையில போட்டுச்சு. 'வரிசையில சேந்து நடங்கக்கா, நான் பின்னாடியே வாரேன்'னுச்சு. அது செருப்பு ஒண்ணு அங்கிட்டு விழுந்து கெடந்துச்சு. எடுக்கக் குனிஞ்சுச்சு. மண்ணு சரிஞ்சுருச்சு. மண்ணோட போயிருச்சு."

"இம்புட்டு நேரம் ஏன் சொல்லல?"

"ஜீப்புச் சத்தம் கேட்டுச்சு" என்றாள். "ஓடியாந்து வரிசையில ஒட்டிக்கிட்டேன். வாயே தெறக்கல."

"செபத்துக்கு மட்டும் தெறந்துச்சா?" என்றான் அருள்தாஸ்.

அவள் அழவில்லை. "முன்னால போன பிள்ளை நிறுத்திருச்சு. எல்லாரும் எனக்காகக் காத்துருக்க மாதிரி இருந்துச்சு. சொல்லலைன்னா திரும்பிப் பாப்பீகன்னு பயம். வயித்தின் கனி, வயித்தின் கனின்னு அம்புட்டுப் பேரும் சொன்னீக. கேட்டதச் சொன்னேன்" என்றாள். சொல்லும்போதே ஒரு கையை வயிற்றில் வைத்தாள்.

டெய்சி புரிந்துகொண்டாள். "எத்தன மாசம்?"

"அஞ்சு."

மிச்சத்தை நாலு வரியில் சொன்னாள். பெயர் பாண்டியம்மாள். கேரளத்தில் ஏலத்தோட்ட வேலை. இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கின்றன. எங்கோ கூட்டிப்போய் வயிற்றைப் படம் பிடித்துப் பார்த்ததில் இதுவும் பெண் என்று சொல்லிவிட்டார்கள். கீழே ஒரு இடத்தில் கலைக்க ஏற்பாடு ஆகிவிட்டது. புருஷனும் மாமியாரும் கூட்டிப்போனார்கள். கோயிலில் ஜீப் நின்றபோது இறங்கி ஓடிவிட்டாள்.

நான் இதையெல்லாம் கேட்டேன். கேட்டும் காதில் ஏறவில்லை. மண்ணோடு போய்விட்டது என்ற ஒரு சொல்தான் உள்ளே இருந்தது.

"எடத்தக் காட்டணும். வண்டியில ஏறு" என்றேன்.

அவள் ஏறவில்லை. "அங்கன அவுக தேடிக்கிட்டு இருப்பாக. நான் போனா என்னைய விட மாட்டாக" என்றாள்.

எனக்கு அவளிடம் கெஞ்சத் தெரியவில்லை. மிரட்டவும் மனசு வரவில்லை. பனிக்குள் எல்லா வளைவும் ஒன்றுபோல இருக்கும். அவள் காட்டாமல் எனக்கு இடம் தெரியாது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சாக்கைக் கழற்றி என்னிடம் தந்தாள். "இது அந்தப் பிள்ளையோடது" என்றாள். ஏறி உட்கார்ந்தாள்.

மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். வண்டியைத் திருப்பினேன். ஜோமோன் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. நான் எத்தனையோ வருடம் ஓட்டிய சாலை. அன்று முன்பின் தெரியாத சாலை மாதிரி இருந்தது. ஆரோக்கியத்திடம் என்ன சொல்வேன் என்ற நினைப்பு வந்தது. அதைத் தாண்டி நினைக்க முடியவில்லை. எனக்கு நீளமான செபம் வராது. "மாதாவே, ஒண்ணுதான் இருக்கு" என்றேன். அதையே சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

"இங்கன" என்றாள் பாண்டியம்மாள்.

இறங்கினோம். தடுப்புச் சுவரில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. அதை ஒட்டிப் புது மண் சரிந்திருந்தது. உண்ணிச்செடிகள் வேரோடு படுத்துக் கிடந்தன. அதற்குக் கீழே வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை.

"பிலோ!" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே திரும்பி வந்தது. எல்லோரும் கூப்பிட்டார்கள். பத்துப் பெயரை ஒரே சமயத்தில் கூப்பிட்டது மாதிரி குழப்பமாக இருந்தது. கீழே கிளை ஒடியும் சத்தம் கேட்டது. லூர்து, "யானையாண்ணே?" என்றான். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

அப்போது சிஸ்டர் ரெஜினா எல்லோரையும் சுவரை ஒட்டி நிறுத்தினார். நடந்துவந்த அதே வரிசையில்.

"இப்பிடிக் கத்துனா அவளுக்கு யாரு கூப்புடுறான்னு தெரியாது. செபமாலை சொல்லுவோம். ஒம்போதும் சத்தமாச் சொல்லணும். பத்தாவது அவ மணி. அதுக்குக் காத்திருப்போம்" என்றார்.

தொடங்கினார். ஒவ்வொருவரும் பள்ளத்தைப் பார்த்துச் சொன்னார்கள். 'எங்கள் இறப்பின் வேளையிலும்' என்று சேர்ந்து சொல்லும் இடம் வரும்போதெல்லாம் நான் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒன்பதாவதைத் தெரேசா அழுதுகொண்டே சொன்னாள். பிறகு நிறுத்தினார்கள்.

பாண்டியம்மாள் என் பக்கத்தில் நின்றாள். இந்த முறை அவள் வாயைத் திறக்கவில்லை.

மழைச் சத்தம். தண்ணீர்ச் சத்தம். பதில் இல்லை.

சிஸ்டர் மறுபடி தொடங்கினார். இரண்டாவது பத்து மணி. ஐந்தாவது மணி ஓடும்போது மேலே இருந்து விளக்கு வெளிச்சம் வந்தது. ஜீப். எங்களுக்குப் பின்னால் நின்றது. மாமியார் முதலில் இறங்கினாள்.

"ஏலே ஈஸ்வரா, இங்கன நிக்கிறா பாரு! ஊரச் சிரிக்க வச்சுப்புட்டு வேதக்காரக கூட்டத்துல வந்து நிக்கிறா பாரு!"

பாண்டியம்மாள் நகரவில்லை. ஓடவும் இல்லை. புருஷன் ஈஸ்வரன் வந்து அவள் கையைப் பிடித்தான். ஒல்லியான ஆள். தோட்ட வேலையில் காய்த்த கை.

செபம் நிற்கவில்லை. ஒன்பதாவது முடிந்தது. மறுபடி அமைதி. ஜீப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. "கொஞ்சம் எஞ்சின அமத்தச் சொல்லுங்க தம்பி. எம் பிள்ளை கீழ கெடக்கு. சத்தம் குடுத்தா கேக்கணும்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். சரிந்த மண்ணைப் பார்த்தான். "எப்பிடி விழுந்துச்சு?"

பாண்டியம்மாள்தான் பதில் சொன்னாள். "என்னையத் தூக்கிவிட்டுத்தான் விழுந்துச்சு."

அவன் அவள் கையை விட்டான்.

"என்ன பிள்ளைங்கய்யா?"

"பொம்பளப் பிள்ளை."

"வேற பிள்ளைக?"

"இது ஒண்ணுதான்."

அவன் திரும்பி ஜீப் டிரைவரிடம், "வண்டிய அமத்துண்ணே" என்றான். மாமியார் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "ஆத்தா, செத்த நேரம் பேசாம இரு" என்றான்.

மூன்றாவது பத்து மணி. இந்த முறை சிஸ்டரின் குரல் கம்மிவிட்டது. செல்வம் தொண்டை கிழியச் சொன்னான். ஜோமோன் மலையாளத்தில் சொல்லிவிட்டான், யாரும் கவனிக்கவில்லை. தெரேசா முடித்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்தோம்.

நான் அன்றுவரை இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. இனியும் கேட்க வேண்டாம்.

கீழே இருந்து வந்தது. பூனைக்குட்டி முனகுவது மாதிரி. முதலில் வார்த்தை பிடிபடவில்லை.

"...நிறைந்த மரியே... வாழ்க..."

என் மகளின் குரல்.

நான் சுவர்மேல் ஏறிவிட்டேன். ஈஸ்வரன் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். "நீங்க எறங்குனா மிச்ச மண்ணும் அது தலையில விழும். நான் போறேன். எனக்கு இது தெனமும் பழகுன சரிவு" என்றான். ஜீப்பில் கயிறு இருந்தது. ஒரு முனையை என் வண்டியின் கொக்கியில் கட்டினான். இன்னொரு முனையை இடுப்பில் கட்டினான். மண் சரிந்த இடத்தை விட்டு விலகி, மரவேர்களைப் பிடித்து இறங்கினான். நாலு எட்டில் பனி அவனை மூடிவிட்டது.

கீழே இருந்து கத்தினான். "எனக்கு ஒண்ணும் தெரியல! அந்தப் பிள்ளைய நிறுத்தாமச் சொல்லச் சொல்லுங்க! சத்தத்தப் பிடிச்சுத்தான் போகணும்!"

"சொல்லு ஆத்தா! சொல்லிக்கிட்டே இரு!" என்று நான் கத்தினேன்.

அவள் சொன்னாள். நாங்கள் மேலே இருந்து மறுபாதியைச் சொன்னோம். கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவள் சொன்னாள், நாங்கள் சொன்னோம். எத்தனை என்று தெரியாது. பிறகு அவள் குரல் நின்றுவிட்டது.

நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. கயிறும் அசையவில்லை. ஏதோ பெரிய உருப்படி புதரை மிதித்துக்கொண்டு நகரும் சத்தம் தெளிவாகக் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஈஸ்வரா... அப்பனே..." என்றாள். அப்போது அவள் குரலும் என் குரல் மாதிரியே இருந்தது. அவளுக்கும் கீழே ஒரு பிள்ளை இருந்தது.

கயிறு இரண்டு தடவை இழுபட்டது.

எல்லோரும் பிடித்தோம். மாமியாரும் பிடித்தாள். பனிக்குள் இருந்து முதலில் ஈஸ்வரனின் தலை வந்தது. முதுகில் என் மகள். துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தான். முகமெல்லாம் மண். ஒரு கால் மடங்கக் கூடாத விதமாக மடங்கித் தொங்கியது. கண் திறந்திருந்தது.

"அப்பா, எங் காப்பி எங்க?" என்றாள்.

நான் அழுதேன். அதற்கு முன் நான் அழுது என் மகள் பார்த்ததில்லை.

வண்டியில் படுக்கை விரித்துக் கிடத்தினோம். டெய்சி பலகையின் கட்டையை வைத்துக் காலைக் கட்டினாள். கால் குலுங்காமல் இருக்க ஈஸ்வரன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பாண்டியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மாமியாரும் ஏறிக்கொண்டாள், மகனை விட்டுவர மனமில்லாமல். அருள்தாஸை ஓட்டச் சொன்னேன். நான் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

லோயர் கேம்ப் தாண்டும்போது பிலோ கண்ணைத் திறந்து ஈஸ்வரனைப் பார்த்தாள்.

"அண்ணே."

"சொல்லு தாயி. வலிக்கா?"

"அக்காவ எங்க கூட்டிட்டுப் போறீக?"

ஈஸ்வரன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்கு" என்றான்.

"என்னடா சொல்ற?" என்றாள் மாமியார்.

"வீட்டுக்குன்னேன் ஆத்தா."

பாண்டியம்மாள் அதுவரை அழாதவள். அப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கால் எலும்பும் தோள்பட்டை எலும்பும் முறிந்திருந்தன. ஆரோக்கியம் வந்தாள். நான் எழுந்து நின்றேன். அப்படியே கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையின் நல்ல காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். விடியும்வரை விடவில்லை.

மற்ற ஒன்பது பேரும் வேளாங்கண்ணிக்கு நடந்தார்கள். வழி முழுக்கப் பத்தாவது மணியை யாரும் சொல்லவில்லையாம். அந்த இடம் வந்ததும் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு நடந்தார்களாம். மகளை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு நான் அந்த மணியை இங்கே சொன்னேன். எனக்குச் செபமாலை பழகியது அப்படித்தான்.

மாசி மாதம் பாண்டியம்மாளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. வீரம்மாள் என்று பெயர் வைத்தார்கள். அது மாமியாருடைய அம்மாவின் பெயர். வைத்தது மாமியார்தான். ஆனால் எங்களிடம் அவள் பேசுவதில்லை.

சிலர் என்னிடம் கேட்டார்கள். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற ஆண்டவர் இன்னொரு பிள்ளையைப் பள்ளத்தில் தள்ளுவாரா என்று. எனக்குத் தெரியாது. பிலோ இன்றும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறாள். மழைக்காலத்தில் தோள் வலிக்கும். அந்த வளைவைச் சரக்கோடு போனாலும் காலியாக வந்தாலும் வேகத்தைக் குறைத்து ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டுத்தான் கடக்கிறேன். பிள்ளைத்தாச்சி யாராவது சாலையில் நின்றால் வண்டியை நிறுத்துகிறேன். டீக்கடையில் அந்த ஆள் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அவனை மறுபடி பார்க்கவில்லை.

இதைப் படிக்கிற பங்கு மக்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பதில் வராத நேரத்தில் நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு பத்து மணி சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கான இடத்தை விட்டுவைத்துச் சொல்லுங்கள். பயத்தோடு சொன்னாலும் மாதா கேட்கிறார். நான் முழுக்கப் பயத்தோடுதான் சொன்னேன்.

ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில் அந்த வளைவில் போய் நிற்கிறோம். சென்ற வருடம் 2009. சிஸ்டர் ரெஜினாவுக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. ஜோமோன் துபாயில். ஷைனி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். சேவியர் பட்டாளத்தில். செல்வம் பாதிரியாராகப் படிக்கக் குருமடத்தில்.

வந்தவர்கள் இவர்கள். அருள்தாஸ். லூர்து. டெய்சி. தெரேசா. பிலோமினா. பாண்டியம்மாள். ஈஸ்வரன். அவர்களுடைய மூத்த பிள்ளைகள் இருவர். வீரம்மாள்.

சுவரை ஒட்டி வரிசையில் நின்றார்கள். நான் வழக்கம்போல் வண்டியோரம் நின்று காது கொடுத்தேன். பத்தாவது மணியை வீரம்மாள் சொன்னாள். பள்ளத்தைப் பார்த்து, மலை அதிரச் சொன்னாள். நாலு வயசுக் குரல். பத்தும் நிறைந்தது.

கலையப் பார்த்தார்கள். அப்போது ஜீப் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஐந்து வருடமாக அந்த மாமியார் எங்களோடு வருவாள், ஜீப்பை விட்டு இறங்க மாட்டாள். இறங்கினாள். வரிசையின் கடைசியில், பேத்திக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

பதினொன்று.